தாய்ப்பூச்சி

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் யார் வீட்டுச் செடிக்காவது சீக்கு வந்துவிட்டால், "போய் அற்புதராஜைக் கூட்டிக்கிட்டு வா" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். டாக்டருக்குச் சொல்லியனுப்ப யோசிக்கிற வீடுகளில்கூட இதற்கு யோசிக்க மாட்டார்கள். அற்புதராஜுக்கு ஒரு டம்ளர் காப்பியும் கொஞ்சம் புகழ்ச்சியும் போதும். இரண்டில் காப்பி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அவருக்கு ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் கிளார்க் வேலை. மாம்பழ சீசனில் கூடை கூடையாக வந்து இறங்கும். ஒரு கூடையை லேசாகச் சாய்த்து, அடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "கீழ அழுகல் இருக்கு. பிரிச்சுக் கட்டிக்கிட்டு வாய்யா" என்று தள்ளிவிடுவார். வியாபாரி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பிரிப்பான். அடியில் அழுகல் இருக்கத்தான் இருக்கும். இப்படி எப்போது பார்த்தாலும் தான் சொன்னதே சரியாக இருந்துவிட்டால் ஒரு மனிதனுக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போகும். அவருக்கும் கனத்துப் போயிருந்தது.

பிள்ளைகள் இல்லாத வீடு. அவரும் மனைவி மரியபுஷ்பமும்தான். வாசலிலிருந்து அடுப்படி ஜன்னல் வரைக்கும் தொட்டிகள். குரோட்டன்ஸில் மட்டுமே மஞ்சள், சிவப்பு, புள்ளி போட்டது, முறுக்கிக்கொண்டது என்று பல தினுசு. பெரணி வேறு. ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார். "என் மொகத்தை இப்படி ஒரு நாள் பாத்திருப்பீங்களா?" என்று மரியபுஷ்பம் கேட்பாள். "உனக்குப் பூச்சி விழலையே" என்பார் அவர்.

அவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கொழுந்து சுருண்டு, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் அசுவினி. இலையின் முதுகில் ஊசியால் குத்தினது போலப் பழுப்புப் புள்ளி விழுந்து, உற்றுப் பார்த்தால் சிலந்திநூல் தெரிந்தால் செம்பேன். தண்டில் மச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினால் உதிர்வது செதில் பூச்சி. தொட்டிமேல் எறும்பு வரிசை போட்டு ஏறினால் செடியில் மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அது கக்கும் இனிப்புக்குத்தான் எறும்பு போகும். ஆகவே முதலில் எறும்பை நிறுத்து, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வை என்பார். சுருட்டுப் புகையிலையை இரவெல்லாம் ஊறப்போட்டு வடிகட்டி, பார் சோப்பைச் சீவிக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில் படும்படி தெளிக்கச் சொல்வார். இதெல்லாம் சரியான வைத்தியந்தான். பிழைத்த செடிகள் அந்த வரிசை வீடுகளில் எத்தனையோ இருந்தன.

தப்பு ஒன்றே ஒன்றில்தான். மாவுப்பூச்சி மொய்த்திருக்கிற இலையில் சில சமயம் அதே மாதிரி வெள்ளையாக, அதைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் பஞ்சு நூல் தொங்க ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். சின்னது அசையாமல் கிடக்கும்; பெரியது சுறுசுறுப்பாக அலையும். குஞ்சுகள் நடுவே நடமாடுகிறது என்றால் அது தாயாகத்தானே இருக்க வேண்டும்? அற்புதராஜ் அப்படித்தான் முடிவு கட்டினார். தாய்ப்பூச்சி என்று பேரும் வைத்தார். "மத்ததை விடு. இதைத் தேடிப் பிடிச்சு நசுக்கு. தாயைக் கொன்னா வம்சம் போச்சு" என்று வீடு வீடாகச் சொன்னார். பெண்களும் விளக்குமாற்றுக் குச்சியை வைத்துக்கொண்டு தேடித் தேடி நசுக்கினார்கள்.

அந்தக் காலத்தில்தான் மலேரியாவுக்கு மருந்தடிக்கிற ஆட்கள் வீடு வீடாக வந்து சுவரெல்லாம் டி.டி.டி. அடித்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவரிடம் தயவாகப் பேசி ஒரு டப்பா பொடி வாங்கி வைத்துக்கொண்டார் அற்புதராஜ். மெல்லிய துணியில் முடிந்து தன் செடிகள் மேல் தட்டினார். அன்றைக்கே தட்டுப்பட்ட பூச்சியெல்லாம் கால் விறைத்துக் கீழே கிடந்தன. இதைவிட ஒரு மருந்து உண்டா என்று பார்சல் ஆபீஸ் முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

அவர்கள் மாதா கோயில் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. மே மாதம் மாதாவுக்கு உரியது. மாதம் முழுக்கச் சாயங்காலத்தில் கோயிலில் செபமாலை நடக்கும். பங்கிலுள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டுத் தொட்டிச் செடிகளைக் கொண்டுவந்து மாதா பீடத்தின் படிகளில் வைப்பார்கள். மாதக் கடைசியில் மாதாவுக்கு முடிசூட்டிய பிறகு திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒரு மாதம் நிற்கிற செடிகள் அல்லவா? ஒன்றில் பூச்சி இருந்தால் எல்லாவற்றுக்கும் தொற்றும். அதனால் ஏப்ரல் கடைசி நாள் சாயங்காலம் கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு தொட்டியையும் பார்த்து உள்ளே விடுகிற வேலையை அற்புதராஜிடம் கொடுத்திருந்தார் பங்குச் சாமியார். அவர் தொட்டிகள் மட்டும் யாரும் பார்க்காமலே உள்ளே போகும், பீடத்துக்கு நேர் நடுவே.

ஐம்பத்தெட்டாம் வருடம் அந்த வரிசையில் அன்னாள் நின்றாள். லோகோ ஷெட்டில் கலாசியாக, எடுபிடித் தொழிலாளியாக இருந்த தோமினிக்கின் மனைவி. பள்ளிபாளையத்துப் பெண், அதிகம் பேச மாட்டாள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் தோமினிக் டைபாய்டில் விழுந்து, பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் தன் கையால் வளர்த்த செடியை மாதா காலடியில் வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். யாரோ கழித்துப் போட்ட குரோட்டன்ஸ் கிளையை ஓட்டை எண்ணெய் டின்னில் நட்டு வளர்த்தாள். மஞ்சளும் சிவப்புமாக அது வளர்ந்து நின்ற அழகைச் சும்மா சொல்லக் கூடாது. டின்னுக்கு நீல பெயிண்ட்கூட அடித்திருந்தாள்.

அற்புதராஜ் இலையைத் திருப்பினார். மாவுப்பூச்சி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய வெள்ளைப் பூச்சிகள் மட்டும் நாலைந்து தண்டில் ஊர்ந்தன. அவர் பதறிப் போனார்.

"என்னம்மா இது? தாய்ப்பூச்சியை மந்தையா மேய்க்கிறே?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அது அவருக்கு உற்சாகமாகிவிட்டது. டின்னைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பாத்துக்குங்க. இது ஒண்ணு உள்ள போனாப் போதும், மாதா படி அத்தனையும் மாவாப் போயிரும். வீட்டைச் சுத்தமா வெச்சிருந்தா இது வருமா?"

"இல்லீங்க ஐயா, நேர்ச்சைங்க..." என்றாள் அன்னாள்.

"மாதாவுக்குப் பூச்சியையா நேர்ந்துக்குவாங்க? எடுத்துக்கிட்டுப் போய்த் தீ வெச்சுரும்மா. பக்கத்துச் செடிக்காவது புண்ணியம்."

அன்னாள் டின்னை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டதை அற்புதராஜ் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த தொட்டியை எடுத்தார்.

ஜூன் மாதம் தொட்டிகள் வீடு திரும்பின. கொஞ்ச நாளில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. ஒரு செடி பாக்கியில்லாமல் மாவுப்பூச்சி. இலைக் கணுவெல்லாம் வெள்ளைப் பஞ்சு. எறும்பு சாரை சாரையாக ஏறிற்று. எல்லாவற்றையும்விட மோசம் அற்புதராஜ் வீட்டுத் தொட்டிகள். பீடத்துக்கு நேர் நடுவே நின்றவை. அவர் இன்னும் டி.டி.டி. தட்டினார். மாவுப்பூச்சி தன் மேல் பூசியிருக்கிற மெழுகுக்குள் சுகமாகக் கிடந்தது. தட்டத் தட்டப் பெருகிற்று.

"அந்த அன்னாளு டின்னு வாசல்ல வந்து நின்னுச்சே, அதுலேருந்துதான் பரவியிருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். உள்ளேயே போகாத டின் எப்படிப் பரப்பும் என்று அற்புதராஜ் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "இருக்கும், இருக்கும்" என்று தலையை ஆட்டினார். தன் தொட்டிகள்மேல் பேச்சு வராமல் இருந்தால் சரி என்று இருந்தது அவருக்கு.

குளியலறைக்குப் பின்னால் ஒரு செம்பருத்தி இருந்தது. அது தொட்டிச் செடி இல்லை என்பதால் அவர் அதைச் செடியாகவே மதித்ததில்லை, பொடியும் தட்டியதில்லை. அதிலும் மாவுப்பூச்சி அப்பியிருந்ததை முன்பு பார்த்திருந்தார். இப்போது பார்த்தால் பாதிக் கிளை சுத்தமாகத் துளிர்விட்டிருந்தது. அந்தக் கிளையில் தாய்ப்பூச்சிகள் உலாவிக்கொண்டிருந்தன.

ஒன்றைப் பிடித்து, மாவுப்பூச்சி மொய்த்த ஓர் இலையோடு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டினார். தாய் குட்டி போடுவதை நாலு பேருக்குக் காட்டலாம் என்பது எண்ணம். பாட்டிலை ஜன்னலில் வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்த்தார். தாய் ஒரு குஞ்சின் பக்கத்தில் போயிற்று. அதன்மேல் வாயை வைத்தது. முத்தம் கொடுக்கிறது என்றுகூட அவர் நினைத்திருப்பார். அது வாயை எடுத்தபோது குஞ்சு இல்லை.

"அடிப்பாவி, பெத்ததையே திங்குதே!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

மரியபுஷ்பம் குனிந்து பார்த்தாள். அதற்குள் அது அடுத்ததைத் தின்றுகொண்டிருந்தது. "பெத்ததை எதுக்குங்க திங்குது? இது வேற சாதிப் பூச்சிங்க" என்றாள்.

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

இலை காலியானதும் அது பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தார். பிறகு ஒரு காலை பார்த்தபோது அந்தப் பஞ்சுக்கூட்டைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி வண்டு வெளியே நின்றது. மிளகைவிடச் சின்னது, கறுப்பு உடம்பு, செம்மண் நிறத் தலை. இந்த வண்டை அவருக்குத் தெரியும். முதல் தடவை டி.டி.டி. தட்டிய அன்று தன் தொட்டிகளுக்குக் கீழே இதுதான் குவியலாகச் செத்துக் கிடந்தது. விளக்குமாற்றால் கூட்டி அள்ளியதும் அவரேதான்.

அவர் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமாக வீடு வீடாகப் போய், பூச்சியைத் தின்கிற பூச்சியைப் பிடித்து நசுக்கச் சொல்லியிருக்கிறார். மிச்சமிருந்ததைத் தானே பொடி போட்டுக் கொன்றிருக்கிறார். பொடிக்குத் தப்பி இலைக் கணுவில் ஒளிந்திருந்த மாவுப்பூச்சியோடு தொட்டிகளைக் கோயிலுக்குள் கொண்டுபோய் நடுப்படியில் வைத்தவரும் அவரேதான். அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். யாரும் பார்க்காத இடத்திலேயே காதெல்லாம் சூடாகிவிட்டது.

மரியபுஷ்பம் பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்போ அன்னாளு செடி?" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பூச்சிகளைத் தப்பாக நினைத்துக் கொன்றுவிட்டதாகச் சொன்னார். கூண்டுக்குள்ளிருந்த சாமியாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். "பூச்சியைக் கொன்னது பாவமில்லை. வேற ஏதாவது?" என்று கேட்டார். "கொஞ்சம் ஆங்காரம், சாமி" என்றார் அற்புதராஜ். அன்னாளின் பெயர் வாய்வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டார். மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். சொன்னார். மனசு லேசாகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், சொல்லிவிடுவது என்றுதான் லோகோ ஷெட்டுக்குப் பின்னாலிருந்த கலாசி வரிசைக்குப் போனார். பெரிய ஆள் வீடு தேடி வந்திருக்கிறாரே என்று அன்னாள் ஓடி நாற்காலி இரவல் வாங்கி வந்தாள். தோமினிக் ஷெட்டுக்குப் போயிருந்தான். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"அந்தச் செடி..." என்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கே அடுப்புல வெச்சுப்போட்டனுங்க ஐயா. நீங்க பாத்துச் சொன்னது நல்லதாப் போச்சுங்க. இல்லீன்னா என்னால அத்தனை பேரு செடியும் கெட்டுருக்கும். அப்படியும் கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்க. யாரு மொகத்துலயும் முழிக்கவே கூச்சமா இருக்குதுங்க. அதான் முதல் பூசைக்குப் போய் கடைசியில நின்னுக்கிட்டு வந்தர்றனுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இதுதான் சமயம். வாயைத் திறந்தார். அதற்குள் அன்னாள் உள்ளே போய் இன்னொரு டின்னைத் தூக்கி வந்தாள். எரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கிளையை மட்டும் ஒடித்து, நன்றாகக் கழுவி நட்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு மூடியில் சீமெண்ணெய்.

"நீங்க சொன்னபடிக்கே செய்யறனுங்க. தெனமும் காலைல எந்திரிச்சுத் தாய்ப்பூச்சியைத் தேடிப் பிடிச்சு இதுல போட்டுர்றனுங்க. ஒண்ணு விடறதில்லீங்க. பாருங்க."

மூடியில் வெள்ளைப் பூச்சிகள் மிதந்தன. அடுத்த வருடமாவது நேர்ச்சையைச் செலுத்திவிடலாமா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு நாக்கு எழவில்லை.

"நல்லது. செய்ம்மா" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் செய்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. மரியபுஷ்பம் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

டி.டி.டி. டப்பாவைக் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைத்தார். யாராவது செடிக்கு வைத்தியம் கேட்டு வந்தால் "எனக்கு நேரமில்லை" என்றார். செம்பருத்தியை மட்டும் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். அதில் வண்டு பெருகிற்று. தன் தொட்டிகள்மேல் எடுத்து விட்டார். எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டு வைத்தார். எறும்பு வண்டை விரட்டிவிடும் என்பதையும் அப்போதுதான் பார்த்துத் தெரிந்துகொண்டார். பங்குனிக்குள் அவர் செடிகள் தேறிவிட்டன. "அவர் கை ராசி" என்று ஊர் திரும்பவும் புகழ ஆரம்பித்தது. புகழ்ச்சி அவருக்கு அதுவரை கசந்ததே இல்லை.

மறுவருடம் ஏப்ரல் கடைசி நாள் வந்தது. போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவரை மரியபுஷ்பம்தான் எழுப்பி, சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "போங்க. போய்ச் சொல்லிப்போட்டு வாங்க" என்றாள். அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாட்டிலுக்குள் வண்டுகள் ஊர்ந்தன.

வரிசை நீளமாக இருந்தது. கடைசியில் அன்னாள் நின்றாள். அவள் முறை வந்ததும் டின்னைக் கீழே வைத்து, கொஞ்சம் பின்வாங்கி நின்றுகொண்டாள். செடி முழுக்க வெள்ளையாக இருந்தது. கொழுந்து கருகி, இலையெல்லாம் தொங்கிவிட்டது. அதைச் செடி என்று சொல்வதே பாவம்.

"உள்ள வெக்கறதுக்கு இல்லீங்க ஐயா. எனக்கே தெரியுது. ஒரு நாள் தவறாமத் தாய்ப்பூச்சியை எடுத்துப் போட்டனுங்க. இப்ப ஒண்ணுகூட இல்லீங்க. அப்படியும் இப்படி ஆயிப்போச்சு. என் கையில என்ன குத்தம்னு நீங்க பாத்துச் சொல்லோணும்."

தொட்டியை உள்ளே வைத்துவிட்டு வாசலில் நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போன வருடம் அவர் சிரிக்க வைத்த அதே ஆட்கள்தான்.

"உன் கையில குத்தம் இல்லம்மா" என்றார் அற்புதராஜ். குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னார். "இந்தப் பொண்ணு கையில குத்தமில்லை. தாய்ப்பூச்சின்னு ஒண்ணு கிடையாது. அது மாவுப்பூச்சியைத் திங்கிற வண்டோட குஞ்சு. அதைக் கொல்லச் சொன்னது நான். போன வருசம் எல்லார் செடியும் கெட்டது என் தொட்டியால. இது எனக்குப் போன வருசமே தெரியும். வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அன்னாளுக்கு உடனே புரியவில்லை. அவர் முகத்தையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப போன வருசம் நான் கொண்டாந்தது நல்ல செடிங்களா?"

"நல்ல செடிம்மா. அன்னிக்கு வந்ததுலயே அதுதான் நல்ல செடி."

"மாதாதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்கன்னு நெனச்சனுங்களே" என்றாள் அன்னாள். "இந்த ஒரு வருசமா அவங்க மொகத்தைப் பாக்காமத்தானுங்க பூசை பாத்துக்கிட்டு வந்தேன்."

அற்புதராஜுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மாதா ஒண்ணும் சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்" என்றார்.

அன்னாள் குனிந்து டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி உள்ளே நடந்தாள். பூச்சி மொய்த்த செடி உள்ளே போகிறது என்று வாசலில் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேராகப் பீடத்துக்குப் போய், அற்புதராஜின் தொட்டிகள் வழக்கமாக நிற்கிற நடுப்படியில் அதை வைத்தாள். பிறகு தலையைத் தூக்கி மாதாவின் முகத்தைப் பார்த்தாள்.

அற்புதராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனார். படியில் மண்டியிட்டு, பாட்டில் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அந்தச் செடியின் தண்டில் சாய்த்துப் பிடித்தார். வண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து இலைக்கு அடியில் போயின. கடைசி வண்டு இறங்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. அன்னாளும் அவர் பக்கம் திரும்பவில்லை.